மருத்துவர் தம் உள்ளந் திறக்கலாமோ?

உளநோய்க்கு உரையாடலும் ஒரு மருந்தாம். நோயாளி தம் அந்தரங்கத்தை எடுத்துரைக்க, மருத்துவர் செவிசாய்க்கின்றார். அங்ஙனமாயின், மருத்துவரும் தம் வாழ்க்கையைக் கூறுதல் தகுமோ?

மருத்துவர் கண்ணாடிபோன்றிருத்தல் வேண்டும். தமக்குக் காட்டப்படுவதையன்றிப் பிறிதொன்றையும் காட்டலாகாது என 1912-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டு விதித்தார். அவருடைய அணுக்கத் தோழரும் ஹங்கேரி நாட்டினருமான ஷாண்டோர் பெரென்ஸியோ, மருத்துவரின் போலியமைதி நோயாளியைப் புண்படுத்துமெனக் கருதினார். ஆதலின், நோயாளியும் தாமும் ஒருவரையொருவர் ஆராயும் முறையொன்றைச் செய்துபார்த்தார். அதன் இடரை அவரது 1932-ஆம் ஆண்டு நாட்குறிப்பிற் காணலாம். மனத்திற் றோன்றுவதனைத்தையும் ஒரு நோயாளியிடஞ் சொல்லப்புகின், ஏனை நோயாளிகளின் இரகசியங்களும் உடன் வெளிப்படுமன்றோ? பின்னர் அம்முறையைக் கைவிட்டார்.

இக்காலத்தார் பலர் நடுவழியே கொள்வர். மகவை யிழந்த தாயிடம், "யானும் இத்துயரை அறிவேன்" என்னும் ஒரு சொல் ஆறுதலாகலாம். அதுவே நெடுங்கதையாய் நீளின், ஆற்றவந்தவரை அத்தாயே ஆற்றநேரும். கட்டணங் கொடுத்தவர் பணிசெய்பவராவர். ஆகவே, வாய்திறக்குமுன் மருத்துவர் தம்மை வினவற்பாலது ஒன்றே: இச்சொல்லால் நலம்பெறுவார் யாவர்? விடை ‘யானே’ என்பதாயின், மௌனமே அறமாம்.