பூட்ஸ் கடையில் பிறந்த ஆள்

லண்டன் வைட்சேப்பலில் ஏரன் சாலமன் என்பவர் தோல் பூட்ஸ் செய்து விற்றுவந்தார். 1892-ல் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டம் ஏழு பேர் கேட்டது. வீட்டிலேயே ஆள் இருந்தது. மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆகியோருக்குத் தலைக்கு ஒரு பங்கு, அவருக்கு 20,001. தொழிலைத் தன் கம்பெனிக்கே விற்று, விலையின் ஒரு பகுதிக்கு அதன் சொத்துகள் மீது 10,000 பவுண்டு கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். தனக்குத் தானே கடன் கொடுத்த மனிதர்!

அடுத்த ஆண்டே கம்பெனி நொடித்தது. 'கம்பெனியாவது, ஒன்றாவது? எல்லாம் சாலமன்தான், அவரே கட்டட்டும்' என்று வழக்கு. கீழ் நீதிமன்றங்களும் அப்படித்தான் பார்த்தன. வழக்கு மேலே போவதற்குள் சாலமன் ஏழை மனுதாரராகவே வாதாடும் நிலைக்கு வந்துவிட்டார். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பைத் திருப்பிப்போட்டது: முறையாகப் பதிவான கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள். ஏமாந்தது, அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்கள். எனக்கு அவர்கள் மேல்தான் இரக்கம்.

உடம்பில்லாத இந்த 'ஆள்' நமக்கு அந்நியமில்லை. நம் சட்டத்தில் கோயிலும் சாமியும் வழக்காடலாம். திருட்டுப்போன பத்தூர் நடராஜரை மீட்கும் வழக்கில், கோயிலையே வாதியாக 1991-ல் லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் தனி ஆளாகக் கடை வைத்தால் போர்டில் என்ன பெயர் இருந்தாலும் கடையும் நீங்களும் ஒன்றுதான்; கடைக் கடன் வீட்டு வாசலுக்கு வரும். 1932-ம் ஆண்டுச் சட்டப்படியான கூட்டுத் தொழிலில் இன்னும் மோசம்: தொழிலுக்காகப் பங்குதாரர் வாங்கிய கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்லவேண்டும். இதற்கு மாற்றாக 2008-ம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி. என்ற, பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டுத் தொழில் வந்தது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமோ ஒரே ஆள் கம்பெனிக்கும் இடம் கொடுத்தது. சாலமன் இன்றிருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். ஆனால் தனக்குப் பின் உறுப்பினராக வருபவரின் பெயரைப் பதியும்போதே எழுதித் தரவேண்டும். முதலாளி செத்தாலும் கம்பெனி சாகாது அல்லவா?

கணக்குத் தணிக்கை, ஆண்டறிக்கை என்று அந்த ஆளுக்குத் தீனிச் செலவும் உண்டு. பெட்டிக்கடைக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி. கடனுக்குச் சரக்கெடுத்துப் பெரிதாக ஓட்டுகிறவர் யோசிக்கலாம்.

அவரும் பேங்குக்குப் போனால், சட்டம் கட்டிய சுவரில் மேனேஜர் ஒரு கதவு வைத்துவிடுவார். கம்பெனிக் கடனுக்கு இயக்குநராக ஒரு கையெழுத்து. அடுத்த தாளில், சொந்த ஜாமீனுக்கு இன்னொன்று.