பொறுத்துக்கொள்ள வேண்டாத குளிர்

யாழ்ப்பாணத்து வெயிலிலோ திருச்சிராப்பள்ளியின் கோடையிலோ வளர்ந்து ஆளான ஒருவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து, கார்த்திகை மாதக் கடைசியில் மாலை ஐந்து மணி அடிப்பதற்கு முன்னமே சூரியன் அஸ்தமித்துவிடுவதைக் கண்டு திகைத்து நிற்கும்போது, குளிர் என்பது இயற்கையின் செயல், அதைச் சகித்துக்கொண்டு போவதே விவேகம் என்று தமக்குத் தாமே தீர்மானித்துக்கொள்வது சகஜம். பாதி அளவுக்கு அது சரியான தீர்மானந்தான். மற்றப் பாதி தவறு. வீட்டுக்குள் எத்தனை பாகை உஷ்ணம் இருக்கவேண்டும், கடைவாசலில் உறைந்த பனிக்கட்டியை யார் அகற்றவேண்டும், தலையில் அடிபட்ட பிள்ளையை யார் மைதானத்தை விட்டு வெளியே அழைக்கவேண்டும் என்பனவெல்லாம் அந்தத் தேசத்திலே சட்டத்தில் எழுதிவைக்கப்பட்ட கடமைகள். குளிரினால் நேருவதாக நாம் எண்ணிக்கொள்ளும் கஷ்டங்களிற் பல, யாரோ ஒருவர் தம் கடமையைச் செய்யாததனால் நேருபவை. நிவாரணமும் உண்டு, ஆனால் ஒவ்வொரு நிவாரணத்துக்கும் ஒரு தவணை உண்டு. பொறுமையைப் பெருங்குணமாகப் போற்றி வளர்ந்த நம்மவர்கள் அந்தத் தவணை கடந்த பிறகே வக்கீலைத் தேடிப் போகிறார்கள்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களிற் பலர், ரொறன்ரோவிலும் அதன் அயலிலும் உள்ள ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ரனிலோ, ஒரு வீட்டின் நிலவறையான பேஸ்மென்றில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அங்கே உஷ்ணத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மேல்மாடியில், வீட்டுக்காரரின் கூடத்துச் சுவரில் இருக்கும். மின்சாரக் கட்டணம், எரிவாயுக் கட்டணம் என்று காரணம் சொல்லி அவர் அதைக் குறைத்துவைக்க, கீழே இருப்பவர்கள் இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டு படுத்து, ‘இந்த நாட்டுக் குளிர் இப்படித்தான் போலும்’ என்று ஆறுதல் அடைவார்கள். ஒன்ராறியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்ட விதிகளின்படி செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டினுள் குறைந்தது 20 பாகை உஷ்ணம் இருக்கவேண்டும். ரொறன்ரோ மாநகரின் விதி, குளிர்காலத்துக்கு அதனினும் ஒரு பாகை கூட்டி, 21 என்று வைத்திருக்கிறது. ரொறன்ரோவில் வசிப்பவர் 311 என்ற இலக்கத்தை அழைத்து முறையிடலாம். மாநகரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அதனாலும் தீராவிட்டால், வீட்டுக்காரர்–வாடகைக்காரர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, பட்ட கஷ்டத்துக்கு ஈடாக வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழியுண்டு. அந்த மனுவுக்குத் தவணை ஓராண்டு. பேஸ்மென்றே மாநகரத்தின் அநுமதியின்றிக் கட்டப்பட்டதாயினும் வாடகைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதை அநேகர் அறியார். ‘இது அநுமதியில்லாத இடம், உமக்கு உரிமை ஏது?’ என்று வீட்டுக்காரர் கேட்டால், அந்தக் கேள்வி உண்மையில் அவருக்கே பாதகமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவது பெரும் பிசகு. வீடு எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும், வாடகை செலுத்தாதவரை வெளியேற்ற வீட்டுக்காரர் மனுச் செய்யலாம். ஆகையால் வாடகையைச் செலுத்திக்கொண்டே வழக்காடுவதுதான் உபாயம். ரொக்கமாகக் கொடுப்பவர் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கவேண்டும். கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. முன்பணமாக அவர் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்றுதான். சேதம் நேர்ந்தால் ஈடுசெய்ய என்று தனியே ஒரு தொகை கேட்பது சட்டவிரோதம். வெளியேறு என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கும், தீர்ப்பாயம் பிறப்பிக்கும் கட்டளைக்கும் மலையத்தனை வித்தியாசம் உண்டு. கட்டளை இல்லாமல், அதை நிறைவேற்றும் அரசாங்க உத்தியோகஸ்தரும் இல்லாமல், ஒருவரைத் தெருவில் நிறுத்த எவருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. அது நம்மவர்களையே அதிகமாகப் பாதிக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும்படி அமைந்த குடித்தனத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. ஊரவர், தூரத்து உறவினர் என்ற நம்பிக்கையில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, ‘நம்முடைய ஆட்கள்தானே, எழுத்து எதற்கு?’ என்று கூச்சப்பட்டு இருந்துவிடும் மாணவர்களும் தனியாட்களும் ஏறக்குறைய வெறும் வாய்ப்பேச்சை நம்பித்தான் இருக்கிறார்கள். அத்தகையோர் அறைக்குள் நுழைவதற்கு முன்னரே வாடகை எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவித்தலுடன் போகச் சொல்லலாம், உஷ்ணம் யார் கையில் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து இடுவது நலம். உறவு கெடும் என்று அஞ்சவேண்டாம். பெரும்பாலும் எழுதாததனால்தான் உறவு கெடுகிறது.

குளிரைவிடக் கொடிய ஓர் அபாயம், அந்தக் குளிரைப் போக்குவதற்காக நாம் செய்யும் காரியங்களிலே ஒளிந்திருக்கிறது. கார்பன் மோனொக்சைட் என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், அயர்வு என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். 2008ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில், ஹோக்கின்ஸ் என்னும் பொலிஸ் உத்தியோகஸ்தரான ஒரு பெண்மணியும் அவர் கணவரும் இரு குழந்தைகளும் இவ்வாறே மாண்டுபோக, அந்தக் குடும்பத்தின் பெயராலேயே 2013இல் ஒரு சட்டம் நிறைவேறி, எரிபொருளால் இயங்கும் சாதனமோ ஒட்டிக் கட்டிய வாகனக் கொட்டிலோ உள்ள வீடுகளிலே அபாயமணி பொருத்தவேண்டும் என்பது 2014 அக்டோபர் முதல் கட்டாயமாயிற்று. வாடகை வீட்டிலே அதைப் பொருத்துவது சொந்தக்காரரின் பொறுப்பு. பிரசவித்த தாய்க்கும் சிசுவுக்கும் கரிநெருப்பில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஓடுவேய்ந்த, காற்றோட்டமான வீட்டுக்கு ஏற்பட்ட அந்த வழக்கத்தை, ஜன்னல்கள் எல்லாம் இறுக அடைக்கப்பட்ட பேஸ்மென்றிலே கரியெரித்துச் செய்வது தாயையும் சேயையும் ஆபத்தில் வைப்பதாகும். பாட்டிமார் மனம் வருந்தினாலும் இதில் தாட்சண்யம் கூடாது. பனிப்புயலுக்குப் பின் காரை இயக்குமுன், அதன் புகைக்குழாய் பனியால் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

தேகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல அவசியமில்லை, வைத்தியர்கள் சொல்லுவார்கள். காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணிக்கும் குளிர் –28 பாகைக்குக் கீழே போனால், மூடப்படாத சருமம் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். அப்படி உறைந்த விரலைத் தேய்க்கவும் கூடாது, கொதிநீரில் இடவும் கூடாது. இளஞ்சூடான நீரே உசிதம். கறுத்த சருமம் குறைந்த வெயிலில் வைட்டமின் டி சத்தைப் போதிய அளவு உண்டாக்க இயலாததால், அதைப் பற்றிக் குடும்ப வைத்தியரிடம் முதற் குளிர்காலத்திலேயே விசாரிப்பது நல்லது. மார்கழி இருளில் காரணமின்றி மனம் சோர்ந்து, எழும்பவும் பேசவும் விருப்பற்றுப் போவதும் வைத்தியம் உள்ள நோயே. அது சோம்பலும் அன்று, நன்றிகெட்ட குணமும் அன்று.

வழுக்கி விழுவதைப் பற்றி மட்டும் நின்று சொல்லவேண்டும், ஏனெனில் உரிமைகள் மிகத் துரிதமாகக் காலாவதியாகும் இடம் அதுவே. மாநகரத்துக்குச் சொந்தமான நடைபாதையில் அகற்றாத பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னவாறு விழுந்தேன் என்று மாநகரசபைக்கு எழுத்துமூலம் அறிவிக்கப் பெற்றிருக்கும் அவகாசம் 10 நாள் மாத்திரமே. எலும்பு முறிந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே அது ஓடிவிடும்; ஆகவே மகனோ மகளோ அவர் சார்பில் எழுதி அனுப்பவேண்டும். நடைபாதை விஷயத்தில் மாநகரத்தின் பாரதூரமான அலட்சியத்தை நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைவாசல், அடுக்குமாடியின் வாகன முற்றம் போன்ற தனியார் இடமாயின், 2021 ஜனவரி 29 முதல் அமலில் இருக்கும் திருத்தத்தின்படி, இடத்தின் பொறுப்பாளருக்கோ பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ 60 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். மறுநாள் வெயில் வந்தால் சாட்சியே உருகிப்போகும் வழக்கு இது; ஆகையால் விழுந்த இடத்தை அன்றைக்கே படம் பிடிப்பதும், அணிந்திருந்த பாதணியை அப்படியே எடுத்துவைப்பதும் அவசியம்.

வேலைத்தலத்திலும் இதே கதைதான். மூடிய தொழிற்சாலைகளில், சில விலக்குகளுக்கு உட்பட்டு, 18 பாகைக்குக் குறையாத உஷ்ணம் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. திறந்தவெளி வேலைக்கு இத்தனை பாகை என்ற வரம்பு இல்லையாயினும், நியாயமான முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுப்பது முதலாளியின் கடமை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தொழிலாளி நம்பினால் வேலையை மறுக்கும் உரிமையும், மறுத்ததற்காகத் தண்டிக்கப்படாதிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகப் பனி அள்ளப் போகும் மாணவர்கள், ‘விசாவுக்குப் பங்கம் வரும்’ என்ற பயத்தினால் அடிபட்டதைக்கூட வெளியே சொல்வதில்லை. காப்புறுதிக்கு உட்பட்ட தொழிலில் காயப்பட்டவர் எந்தக் குடிவரவு நிலையில் இருந்தாலும் வேலைத்தலக் காப்புறுதிச் சபையிடம் நஷ்டஈடு கோரலாம். அதற்குத் தவணை ஆறு மாதம்.

விளையாட்டுக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டு ஹொக்கி. ரொறன்ரோவின் மேப்பிள் லீப்ஸ் குழு 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தை வெல்லவில்லை என்ற துக்கத்தில் பங்குகொள்வது, அந்நகரத்தில் அயலவரோடு சிநேகமாவதற்கு மிகச் சுலபமான மார்க்கம். கிரிக்கெட்டும் கபடியும் கோடைக்கு மட்டும் என்று ஒதுங்க, பிள்ளைகள் பனிச்சறுக்குக் காலணி கேட்டு நிற்பார்கள். பணம் இல்லை என்று தடுக்கவேண்டாம்: ரொறன்ரோ மாநகரம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விளையாட்டு வகுப்புக் கட்டணத்தில் சலுகை தருகிறது, திறந்தவெளிச் சறுக்குத் தளங்களோ இலவசம். உறைந்த குளத்தின்மேல் விளையாட விடுவதாயின், தனியாளுக்கு 15 சென்ரிமீற்றரும் கூட்டமாக ஆட 20 சென்ரிமீற்றரும் கனமுள்ள பனிக்கட்டி வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தார் சொல்லும் அளவு.

பெற்றோர் அறியவேண்டிய சட்டம் வேறொன்று. 2013 மே மாதத்தில் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்ரிங்கர் என்னும் 17 வயது மாணவி, ரக்பி ஆட்டத்தில் தலையில் பட்ட அடியைப் பெரிதுபடுத்தாமல் மீண்டும் ஆடப்போய், மறுபடியும் அடிபட்டு இறந்தாள். அவள் பெயரால் 2018இல் இயற்றப்பட்ட சட்டம், 26 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர் ஒவ்வோராண்டும் மூளையதிர்ச்சி பற்றிய குறிப்பைப் படித்தறியவேண்டும் என்றும், அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டத்திலிருந்து நீக்கவேண்டும் என்றும், வைத்தியரின் அநுமதியின்றி மீண்டும் சேர்க்கக் கூடாது என்றும் விதிக்கிறது. ‘ஒன்றுமில்லை, எழும்பி விளையாடு’ என்று ஊர்ப் பழக்கத்தில் உற்சாகப்படுத்தும் தகப்பனாரை அந்தச் சட்டம் பயிற்சியாளர் வாயிலாகத் தடுக்கிறது. அவரோடு வாதாடாதிருப்பதே தகப்பனார் பிள்ளைக்குச் செய்யும் உபகாரம்.

இனி அரசியல். 1985இல் கனடாவின் உச்சநீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளர்கள் தொடுத்த சிங் வழக்கில், அந்த மண்ணிலே நிற்கும் எந்த மனிதருக்கும் உரிமைச் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று தீர்த்தது. மறுவருஷம் ஆகஸ்டில், நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்து, 2011இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் தமிழரானார். இந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள், பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் எல்லாருக்கும் உரியவை, வாக்குரிமை மாத்திரம் 18 வயது நிரம்பிய பிரஜைகளுக்கே உரியது என்ற வேறுபாட்டை இளையவர்களுக்குச் சொல்லத் தவறுகிறார்கள். வருமானவரிப் படிவத்தில் ‘நீர் கனடியப் பிரஜையா?’ என்ற கேள்வி இருக்கிறது. தெரிந்தவர் அவசரமாக நிரப்பிக்கொடுக்கையில் தவறாக ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், தேர்தல் அட்டை வீடு தேடி வரலாம். அட்டை வந்தது என்பதற்காக, உரிமை இல்லை என்று தெரிந்தே வாக்களிப்பது குற்றம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் மத்தியக் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம். ஆனால் இன்னொருவர் தந்த பணத்தைத் தம் பெயரில் கொடுப்பது சட்டவிரோதம். பிரஜையாகாதவருக்குப் பெரும் ஆபத்தாக முடியும் குற்றம் இன்னொன்று, கொண்டாட்டம் முடிந்து மதுபோதையில் காரோட்டுவது: 2018 டிசெம்பர் 18 முதல் அது பாரிய குற்றமாகக் கருதப்படுவதால், பிரஜையாகாதவர் அத்தேசத்தில் வாழும் உரிமையையே இழக்க நேரலாம்.

வீட்டின் உஷ்ணத்தையும் நடைபாதைப் பனியையும் பற்றித் தீர்மானிக்கிறவர்கள் பெரும்பாலும் மாநகரசபையாரே. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டு ரொறன்ரோ மாநகரத் தேர்தலில் வாக்களித்தவர்கள் பத்துப்பேரில் மூவர் அளவே. பிரஜையாகாதவரும் சபைக் குழுக்களின் முன் நேரில் சென்று தம் குறையைச் சொல்லலாம். சட்ட உதவி வேண்டுவோருக்கு ஒன்ராறியோ முழுவதும் சமூகச் சட்ட நிலையங்கள் உண்டு. ரொறன்ரோவில் தென்னாசியர்களுக்கென்றே ஒன்று இயங்குகிறது. எங்கே போவதென்று தெரியாதவர் 211ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிரஜைகளான வாசகர்கள் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரை இப்போதே சரிபார்த்துக்கொள்ளவேண்டும்: ஒன்ராறியோவின் அடுத்த மாநகரசபைத் தேர்தல் 2026 அக்டோபர் 26, திங்கட்கிழமை.