மெய்நிகர் பொறியினுள் உயர் சிறப்புரிமையுடன் செய்நிரலைத் தொலைவிலிருந்து இயக்குதல்

ஒரு கணினியினுள் மென்பொருளின் உதவியால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி மெய்நிகர் பொறி எனப்படும். உண்மையான கணினியை விருந்தோம்பி என்றும், அதனுள் இயங்குவதை விருந்தினர் என்றும் அழைப்பர். விருந்தினருக்கெனத் தனியான பணிசெயல் முறைமையும் பயனர் கணக்குகளும் உண்டு. ஆகவே நீங்கள் விருந்தோம்பியின் நிர்வாகியாக இருந்தாலும், விருந்தினரினுள் நுழைவதற்கு அங்குள்ள கணக்கும் கடவுச்சொல்லும் தேவை.

1. சிறப்புரிமை என்றால் என்ன?

சாதாரண பயனர் தமது கோப்புகளை மாத்திரமே மாற்றலாம். மென்பொருள் நிறுவுதல், முறைமைக் கோப்புகளை மாற்றுதல் போன்றவற்றுக்கு உயர் சிறப்புரிமை வேண்டும். லினக்ஸில் இவ்வதிகாரம் ரூட் என்னும் கணக்கிற்கு உரியது.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா முதல், பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்னும் ஏற்பாடு உள்ளது. இதன்படி நிர்வாகி ஒருவர் உட்புகுந்தாலும் அவரது செய்நிரல்கள் வழமையாகச் சாதாரண உரிமையுடனேயே தொடங்கும். திரையில் தோன்றும் வினாவிற்கு "ஆம்" என்று அனுமதி அளித்த பின்னரே முழு உரிமை கிடைக்கும். அதாவது, நிர்வாகியாக இருப்பது வேறு. நிர்வாகியின் உரிமையுடன் செய்நிரலை இயக்குவது வேறு.

2. தொலைவிலிருந்து இயக்கும்போது எழும் சிக்கல்

அனுமதி கேட்கும் வினா விருந்தினரின் திரையிலேயே தோன்றும். அத்திரையின் முன் எவரும் இல்லாவிடின் "ஆம்" என அழுத்த ஆளில்லை. எனவே செய்நிரல் காத்துக் கிடக்கும். அல்லது உரிமை இன்றித் தோல்வியடையும்.

3. தீர்வுகள்

(அ) லினக்ஸ்: எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் மூலம் சாதாரண பயனராக நுழைந்து, தேவையான கட்டளையின் முன் மாத்திரம் "சுடோ" என்னும் கட்டளையைச் சேர்த்தல். இது வழமையாக அப்பயனரின் கடவுச்சொல்லையே கேட்கும். இயக்கிய கட்டளையையும் பதிவுசெய்யும்.

(ஆ) விண்டோஸ்: உயர் சிறப்புரிமையுடன் இயங்குமாறு ஒரு பணியை முன்கூட்டியே நேர அட்டவணையில் அமைத்து, பின்னர் அப்பணியைத் தொலைவிலிருந்து தொடக்குதல்.

4. பாதுகாப்பு

விருந்தினரின் ரூட் அதிகாரம் விருந்தினருக்குள் அடங்கியது. எனினும் பகிரப்பட்ட கோப்புறை, வலையமைப்பு என்பவற்றின் ஊடாகத் தீங்கு வெளியே பரவலாம். 2015இல் வெளிப்பட்ட "வெனம்" என்னும் குறைபாடு இதற்கு நல்ல உதாரணம். மெய்நிகர் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியிலிருந்த வழு காரணமாக, விருந்தினரில் உயர் சிறப்புரிமை பெற்ற ஒருவர் விருந்தோம்பியையே தாக்கக்கூடிய நிலை இருந்தது. ஆகவே தேவையான வேலைக்கு, தேவையான நேரத்திற்கு மாத்திரமே உயர் சிறப்புரிமையை வழங்க வேண்டும்.

மாதிரி வினா

விண்டோஸ் இயங்கும் மெய்நிகர் பொறி ஒன்றினுள் நிர்வாகிக் கணக்கின் மூலம் தொலைவிலிருந்து வெற்றிகரமாக நுழைந்து தொடக்கப்பட்ட நிறுவற் செய்நிரல், "அனுமதி மறுக்கப்பட்டது" எனக் காட்டி நின்றது. காரணம் யாது? தீர்வு ஒன்று தருக.

விடை: செய்நிரல் சாதாரண உரிமையுடன் தொடங்கியமை. உயர் சிறப்புரிமையுடன் முன்கூட்டியே அமைத்த பணியாக அதனை இயக்கலாம்.

கவனிக்க: "கடவுச்சொல் பிழை" என எழுதுவது பொருந்தாது, நுழைவு வெற்றியடைந்துள்ளது. "பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை நிறுத்துதல்" என்பதும் நல்ல தீர்வன்று. அப்போது நிர்வாகி தொடக்கும் செய்நிரல்கள் யாவும், தீங்கானவை உட்பட, கேளாமலே முழு உரிமை பெறும்.