மாதிரி ஐ.நா.வில் யாருக்குப் பரிசு?

நகரத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் மாதிரி ஐ.நா. மாநாடு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டை ஒதுக்குவார்கள். அகதிகள், கடற்கொள்ளை, பருவநிலை நிதி என்று ஏதாவது ஒரு விவாதப் பொருளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தனக்கு வந்த நாடு அந்த விஷயத்தில் என்ன நினைக்கிறது என்று தேடிப் படித்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு, கோட்டும் டையும் அணிந்து, நாட்டின் பெயர் எழுதிய பிளக்கார்டுடன் இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டும். 'நான்' என்று பேசக் கூடாது. 'பிரேசில் கருதுகிறது' என்றுதான் பேச வேண்டும். உரைகளுக்கு நடுவே எழுந்து போய் மற்ற நாடுகளுடன் பேசி, அணி சேர்த்து, தீர்மான வரைவு எழுதி, கடைசியில் வாக்கெடுப்பு. அதோடு முடிந்தால் நல்லது. ஆனால் பெரும்பாலான மாநாடுகளில் பிறகு பரிசளிப்பு ஒன்று இருக்கிறது: 'பெஸ்ட் டெலிகேட்', 'ஹை கமெண்டேஷன்', 'ஸ்பெஷல் மென்ஷன்'. நல்ல பயிற்சி ஒன்று கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் வாதம். ராஜதந்திரத்தில் கடைசியாகப் பயன்படும் திறமைக்கு முதல் பரிசும், முதலில் வேண்டிய திறமைக்கு வெறும் கைதட்டலும் கிடைக்கின்றன.

இந்தப் பயிற்சி ஐ.நா.வைவிட வயதில் மூத்தது. 1920-களிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் சர்வதேச சங்கத்தை, அதாவது லீக் ஆஃப் நேஷன்ஸை, வகுப்பறையில் நடத்திப் பார்த்தார்கள். அமெரிக்கா அந்தச் சங்கத்தில் கடைசிவரை சேரவே இல்லை என்பது வேடிக்கை. அரசு உட்கார மறுத்த நாற்காலியில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெர்க்லியும் ஹார்வர்டும் பள்ளி மாணவர்களுக்கான மாநாடுகளைத் தொடங்கின. 1968-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இன்னொரு மரபு பிறந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் அமெரிக்க வகை. போகிற வழியில் மக்களவையையும் அனைத்துக் கட்சிக் கூட்டத்தையும் நடித்துக்காட்டும் குழுக்களையும் அதில் சேர்த்துக்கொண்டோம்.

இதன் அடிப்படை யோசனை உலக விவகார விநாடி வினாவையும் கட்டுரைப் போட்டியையும்விட ஒரு படி மேலானது. விநாடி வினா தலைநகரங்களை மனப்பாடம் செய்ய வைக்கும். கட்டுரை சொந்தக் கருத்தைச் சொல்ல வைக்கும். மாதிரி ஐ.நா.வோ தனக்குச் சொந்தமில்லாத ஒரு நலனைத் தூக்கிச் சுமக்க வைக்கிறது. கடல் சட்டம் பற்றிய குழுவில் கடலே இல்லாத நேபாளம் கையில் வந்தால் அந்த மாணவி முதலில் திகைப்பாள். பிறகு, துறைமுகம் போய்ச்சேரும் உரிமை ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளே கண்டுபிடிப்பாள். இதைப் பாடப்புத்தகம் தர முடியாது. ஆனால் குழு தொடங்கியதும் அவள் கவனம் வேறு திசைக்குப் போகிறது. எத்தனை முறை பிளக்கார்டு தூக்கினாள், அறுபது விநாடிப் பேச்சில் எவ்வளவு எடுப்பாக இருந்தாள், தீர்மானத்தில் அவள் நாட்டின் பெயர் முன்மொழிந்தோர் பட்டியலில் இருக்கிறதா என்பதையெல்லாம் மேடையில் இருக்கும் நடுவர் குழு குறித்துக்கொள்கிறது. ஆகவே அறை இரண்டு அணியாகப் பிரிகிறது. இரண்டு அணியும் தனித்தனி வரைவு எழுதி, தலைகளை எண்ணி, ஒன்று மற்றதைத் தோற்கடிக்கிறது. பட்டிமன்றத்தில் தீர்ப்பு வந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நாடுகளுக்கிடையில் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பொதுச்சபைத் தீர்மானம் பொதுவாக யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்ய வேண்டிய நாட்டையே தோற்கடித்து நிறைவேற்றிய தீர்மானத்தால் யாருக்கு என்ன லாபம்? உண்மையான பொதுச்சபையில் பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறுவதற்குக் காரணம் இதுதான்.

கடல் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1967-இல் மால்டா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் தூதர் ஆர்விட் பார்டோ, ஆழ்கடல் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்று பொதுச்சபையில் பேசினார். ஒரு பேச்சு உலகத்தை அசைத்ததற்கு உதாரணமாக அதைக் காட்டுபவர்கள் உண்டு. பேச்சு பெரியதுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. 1973-இல் தொடங்கிய மாநாட்டுக்குத் தலைவராக இருந்தவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமெரசிங்க. 150-க்கும் மேற்பட்ட நாடுகள். மீன்பிடி நாடுகள், கப்பல் நாடுகள், கடலே இல்லாத நாடுகள் என்று ஒன்றோடொன்று பொருந்தாத நலன்கள். இணக்கம் காணும் முயற்சி எல்லாம் தீரும்வரை வாக்கெடுப்புக்குப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். 1975-இல் குழுத் தலைவர்கள் மூவரும் பேச்சுவார்த்தைக்கான ஒரே வரைவைத் தயாரித்தார்கள். தகராறுகளைத் தீர்க்கும் பகுதியை அமெரசிங்கவே எழுதினார். அந்த வரைவில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. யாருடைய சரக்கும் இல்லை என்பதால்தான் எல்லோரும் அதைத் திருத்த முன்வந்தார்கள். இலங்கையில் ஆட்சி மாறிய பிறகு, 1978-இல் அவர் தன் நாட்டுக் குழுவிலேயே இல்லாமல் போனார். சில நாடுகள் ஆட்சேபித்தும், மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. 1980-இல் அவர் இறந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்று 1982-இல் முடித்துவைத்தார். 12 கடல் மைல் எல்லையும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலமும், கடலற்ற நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையும் அந்த 320 பிரிவுகளில் உறுதியாயின. கடைசியில் வாக்கெடுப்பைக் கேட்டது அமெரிக்கா. 130 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன. எதிர்த்த நாலில் ஒன்று அமெரிக்கா என்பதால், பெரும் தொழில்நாடுகளை உள்ளே கொண்டுவர ஆழ்கடல் சுரங்கப் பகுதியை 1994-இல் மறுபடியும் பேசி மாற்ற வேண்டியிருந்தது. 130-க்கு 4 என்பது எந்தப் பள்ளி மாநாட்டிலும் மகத்தான வெற்றி. இங்கே அது பாதி வேலைதான்.

பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது வெறும் சாக்கு அல்ல. வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஏதாவது வேண்டும் என்பது பெற்றோரின் கவலையும்கூட. ஆனால் ஹேக் மாநாடு இதற்குப் பதிலாக அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வரும் அந்த மாநாட்டில் சிறந்த பிரதிநிதி விருது என்று ஒன்று கிடையாது. வேறு விதிகளும் மாறுபடுகின்றன. அமெரிக்க வகையில் வீட்டிலேயே தீர்மானம் எழுதிக்கொண்டு வருவது தவறு. ஹேக்கில் அதுதான் கடமை. எழுதிவந்ததை முதலில் மற்றவர்களிடம் காட்டி, அவர்கள் வரைவோடு சேர்த்துத் தைத்து, போதிய ஆதரவு திரட்டி, ஒரு பரிசோதனைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகுதான் விவாதமே. அப்பா எழுதிக் கொடுத்த தாளோடு வரும் பிள்ளையும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தாள் முதல் நாளே நாலு பேர் கையில் கிழிபடும்; எஞ்சியதைக் காப்பாற்ற அந்தப் பிள்ளைதான் வாதாட வேண்டும். பரிசை ஒழிக்க மனமில்லாத பள்ளிக்கு இன்னொரு வழி இருக்கிறது: மதிப்பெண்ணைப் பேச்சிலிருந்து எடுத்து, எதிரணி எத்தனை பிரிவுகளை ஏற்றுக்கொண்டது என்பதற்குக் கொடுக்கலாம். பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவை விளக்கவும் தற்காக்கவும் பேசத்தான் வேண்டும். அப்படிப் பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. வரைவு எழுதி என்ன பயன், நிஜ உலகில் ஐந்து நாடுகளின் வீட்டோதானே பேசுகிறது என்பது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைப் பற்றிய தீர்மானத்துக்குப் பாதுகாப்பு அவையில் 11 நாடுகள் ஆதரவு தெரிவித்தும், ரஷ்யாவின் ஒரு கை அதை வீழ்த்தியது. மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 விலகி நின்றன, போர் நிற்கவில்லை. உண்மைதான். ஆனால் இந்தக் கசப்பை மறைப்பதுதான் பிள்ளைகளை ஏமாற்றுவது. விலகி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஏன் விலகி நின்றது என்பதை, ஐ.நா.வில் தூதர்கள் செய்வதுபோல, வாக்களித்த பிறகு இரண்டு நிமிட விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். அதில் ஒரு மாணவர் கற்றுக்கொள்வது ஏராளம். கொடுங்கோல் அரசின் பக்கத்தைப் பேச வைப்பது பொய் சொல்லப் பழக்குவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். கைதட்டலுக்காகப் பேசினால் ஆகும். எந்த இடத்தில் அந்த அரசு இறங்கிவரும், எந்த இடத்தில் வராது என்று கண்டுபிடிக்கப் பேசினால் ஆகாது.

மிச்சமிருப்பது ஆங்கிலமும் கட்டணமும். கோட்டு, பதிவுக் கட்டணம், வெளியூர் தங்கல் எல்லாம் சேர்ந்து இதை வசதியுள்ளவர் விளையாட்டாக வைத்திருக்கின்றன. பேச்சுக்குப் பரிசு என்றால் சரளமான ஆங்கிலத்துக்குப் பரிசு என்றுதான் முடிகிறது. ஐ.நா.விலேயே அலுவல் மொழிகள் ஆறு. மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டால் வேறு மொழியிலும் பேசலாம். 1977-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாயி பொதுச்சபையில் இந்தியில் பேசினார். இராமநாதபுரத்து அரசுப் பள்ளி ஒன்று தமிழில் இதை நடத்த விரும்பினால் அதற்குப் பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்டது. கடலடியை வாரிச் செல்லும் வலையான இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டப்படி தடை செய்தது. 2014-இல் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் சென்னையிலும் பிறகு கொழும்பிலும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள், இருபுறமும் தமிழ் பேசுகிறவர்கள். ஒரு வகுப்பை ஐந்தாகப் பிரிக்கலாம்: விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், வட இலங்கை மீனவர், இரண்டு அரசுகள். இராமேசுவரத்துப் பிள்ளைக்கு மன்னார் மீனவரின் இடத்தைக் கொடுக்க வேண்டும். பல ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர், இரவில் தன் வலையை இழுவை மடி அறுத்துப் போவதைப் பார்ப்பவர், என்ன கேட்பார்? இழுவை மடியைக் கைவிட மறுகரைக்கு எத்தனை ஆண்டு அவகாசம் தருவார், அதற்கு ஈடாக எதை எழுதி வாங்குவார்? ஒரு கரும்பலகையும் இரண்டு பாடவேளையும் இதற்குப் போதும்.