மலிவுக் கிறீம்: விற்கும்போது சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

நம்மில் பலரது கடைகளில் அழகுசாதனப் பொருட்களுக்கென்று ஓர் இறாக்கை இருக்கும். மினுங்கும் பெட்டிகள் எல்லாம் முன்வரிசையில். வெள்ளை மூடி போட்ட 'அக்குவஸ் கிறீம்' மட்டும் கீழ்த்தட்டில் தூசு பிடித்துக் கிடக்கும். வாசனையும் இல்லை, இலாபமும் சொற்பம். எனது கடையிலும் அப்படித்தான் கிடந்தது.

நாள் முழுக்கச் சாமான் பெட்டிகளையும் காசையும் தொட்டுவிட்டு, அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கழுவுவதால் எனது கைகள் வெடித்துப் போயிருந்தன. ஒருநாள் சவர்க்காரத்துக்குப் பதிலாக இந்தக் கிறீமைப் பாவித்துப் பார்த்தேன். கொஞ்சம் எடுத்து ஈரக் கையில் தேய்த்து, தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்தால் சரி. நுரை வராது. நுரை இல்லாவிட்டால் ஊத்தை போகாது என்பது நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம்; ஆனால் போனது. முகத்துக்கும் பாவித்தேன். இரண்டு வாரத்தில் கை வெடிப்புக் குறைந்தது.

பிறகென்ன, வருவோர் போவோருக்கெல்லாம் சிபாரிசுதான். கழுவவும் பாவிக்கலாம், ஈரப்பசைக்குப் பூசியபடி விடவும் செய்யலாம் என்றேன். அங்கேதான் பிழை விட்டேன்.

எக்ஸிமா உள்ள பிள்ளைக்கென்று வாங்கிப்போன ஒரு தாய் நான்காம் நாள் திரும்பி வந்தார். "நாநா, நீங்க சொன்ன மாதிரித்தான் பூசினேன். பூசின உடனே பிள்ளை எரியுது எண்டு கத்துது, தோலும் செவந்து போச்சு" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்து, டொக்டரிடம் காட்டச் சொன்னேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அந்தப் போத்தலுக்குள் என்னதான் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

பிரித்தானிய மருந்து நூலின் முறைப்படி செய்யும் அக்குவஸ் கிறீமில் 100க்கு 69 பங்கு வெறும் தண்ணீர். 30 பங்கு, பரபினும் மெழுகும் கலந்த களிம்பு. மிச்சம், பழுதாகாமல் காக்கும் பொருள். அந்த மெழுகுக்குள் சோடியம் லோரில் சல்பேற் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பது அதுவே. ஷம்பூவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்ப்பதும் அதுதான். கிறீமில் அதன் அளவு ஒரு வீதத்துக்கும் சற்றுக் குறைவு. கழுவினால் போய்விடும், பூசியபடி விட்டால் மணிக்கணக்கில் தோலில் கிடந்து வேலை செய்யும்.

2010இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் நல்ல தோல் உள்ளவர்களுக்கே நான்கு வாரம் பூசிப் பார்த்தார்கள். தோலின் மேற்படை 10 வீதத்துக்கும் அதிகமாக மெலிந்திருந்தது. தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதும் கூடியிருந்தது. 2013இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம், எக்ஸிமா உள்ளவர்களுக்கு, விசேடமாகப் பிள்ளைகளுக்கு, இது எரிச்சல் தரலாம் என்று எச்சரித்தது.

ஆகவே கழுவ இது நல்ல சாமான். ஈரப்பசைக்குப் பூச, வெள்ளை வெசலினோ லேபலில் சல்பேற் இல்லாத வேறு கிறீமோ கொடுங்கள். அவையும் விலை கூடியவை அல்ல. பரபின் ஊறிய துணி நெருப்புக்குக் கிட்டப் போனால் சட்டென்று பற்றும். குசினியில் நிற்பவர்களுக்கு அதையும் சொல்லி விடுங்கள்.

இப்போது அந்தத் தட்டில் 'கழுவுவதற்கு மட்டும்' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். விற்பனை குறையவில்லை. அந்தத் தாயும் அரிசி, சீனிக்கு என்னிடம்தான் வருகிறார். கிறீம் மட்டும் பாமஸியில் வாங்குகிறார்.