வயது மட்டும் அளவுகோலா?

"எழுபத்தெட்டு வயசாப் போச்சு, இனி மருந்து தாங்குமா?" என்று மாமி கேட்டபோது, திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் எவரிடமும் பதில் இல்லை. மாமாவுக்கு வந்திருப்பது மல்டிபிள் மைலோமா எனும் குருதிப் புற்றுநோய்.

வைத்தியர் வயதோடு நிறுத்தவில்லை. சர்வதேச மைலோமா செயற்குழுவின் 2015ஆம் ஆண்டு அளவீடு நான்கைப் பார்க்கிறது: வயது, குளித்தல், உடுத்தல், எழுந்து நடமாடல் போன்ற 6 அன்றாட அலுவல்கள், சமையல், குளிசை எடுத்தல், காசுக் கணக்கு போன்ற 8 வேலைகள், கூடவுள்ள நோய்கள். வயது 75 வரை புள்ளியில்லை. 76 முதல் 80 வரை 1. அதற்கு மேல் 2. மற்ற மூன்றில் வரம்பு தவறினால் ஒவ்வொன்றுக்கும் 1. கூட்டுத்தொகை 2 ஆனாலே 'நலிந்தவர்'. அந்த ஆய்வில் 869 பேர். மூன்றாண்டு உயிர்வாழ்வு திடமானவர்களில் 84 சதவீதம், நலிந்தவர்களில் 57.

"சமைப்பாரா, வீடு கூட்டுவாரா, உடுப்புத் தோய்ப்பாரா?" மூன்றுக்கும் "இல்லை" என்றோம். எட்டில் ஐந்தே மிஞ்சியது. ஒரு புள்ளி ஏறியது. வயதுக்கு ஒன்று, ஆக மாமா 'நலிந்தவர்'! எங்கள் வீடுகளில் மூத்த ஆண்கள் இவற்றைச் செய்வதில்லை. அது வழக்கம், இயலாமையல்ல. மறுபக்கம், சுஜூதிலிருந்து எழ முடியாமல் அவர் கதிரையில் தொழுவதை மானத்துக்காக மறைத்தோம். முன்னது மருந்தை வீணே குறைக்கும். பின்னது உடல் தாங்காத அளவைக் கொடுக்க வைக்கும்.

நலிவு என்பது கைவிடும் தீர்ப்பல்ல, மருந்தை உடலுக்குப் பொருத்தும் வழி. ஆகவே "செய்வதில்லை", "முடியாது" இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். முதலில் நோயாளியையே பேச விடுங்கள்.