பயணச் செலவு யாருடையது?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஓடைப்பட்டியைச் சேர்ந்த ஒரு தம்பி காத்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாகத் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கனடாவுல திராட்சைத் தோட்டத்துல வேலை. ஏஜென்ட் எட்டு லட்சம் கேக்குறாரு. ரெண்டு லட்சம் முதல்ல கட்டணுமாம். அம்மா நகையை வச்சிரலாம்னு இருக்கேன்" என்றார்.

படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்ட வேலை உத்தரவு. சம்பளம், தங்குமிடம், முத்திரை எல்லாம் இருந்தன. விண்ணப்பம் எழுதவும் படிவம் நிரப்பவும் பலர் என்னிடம் வருவதுண்டு. ஆனால் நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன் வருகிறவர்கள் குறைவு. அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நம் அன்பியங்களில் இப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு யோசிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கும்.

முதலில் ஒன்று. வெளிநாட்டுக் கிராமங்களுக்கு ஆள் வேண்டும் என்பது பொய் அல்ல. கனடாவின் சிறு ஊர்களில் இளைஞர்கள் பெருநகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். பண்ணை, மருத்துவமனை, மரத்தொழில், உணவகம் எதற்கும் ஆள் போதவில்லை. ஆகவே அந்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு 11 ஊர்ப்பகுதிகளைத் தேர்ந்து ஒரு குடியேற்றத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. தண்டர் பே, சட்பரி, டிம்மின்ஸ், பிராண்டன் போன்ற ஊர்கள் அதில் இருந்தன. 2024 ஆகஸ்டில் அந்தத் திட்டம் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தியது. அதன் இடத்தில் 2025 ஜனவரியில் 14 ஊர்ப்பகுதிகளுக்கான கிராமச் சமூகக் குடியேற்றத் திட்டம் வந்தது.

இந்தத் திட்டம் நடக்கும் முறையைக் கவனியுங்கள். முதலாளி தான் நினைத்தவரை நேரே அழைத்துவிட முடியாது. அந்த ஊரின் பொருளாதார வளர்ச்சி அமைப்பு முதலில் அவரைப் பரிசோதித்து, தகுதி பெற்ற முதலாளியாக அங்கீகரிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது, வேறு பண்பாட்டினரோடு எப்படிப் பழகுவது என்ற பயிற்சியையும் அவர் முடிக்க வேண்டும். (நம் ஊர் முதலாளிகளுக்கும் இப்படி ஒரு வகுப்பு வைத்தால் நன்றாக இருக்கும்!) பிறகு அவர் வேலை கொடுக்கிறார். ஊர் அமைப்பு அந்த ஆளைப் பரிந்துரைக்கிறது. அதன் பின்னரே அவர் நிரந்தரக் குடியுரிமைக்கு அரசிடம் விண்ணப்பிக்கிறார். கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டு அனுபவம், வேலைக்கு ஏற்ற அளவு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, பள்ளிப் படிப்புச் சான்றின் மதிப்பீடு ஆகியவை அவரிடம் கேட்கப்படும்.

தம்பியின் தாளில் இருந்தது இது அல்ல. அது தற்காலிகப் பண்ணை வேலை. அதற்கு வேறு வழி. உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று கனடா முதலாளி அரசிடம் நிரூபித்து அனுமதி பெற வேண்டும். நம் ஏஜென்ட்டுகள் 'எல்.எம்.ஐ.ஏ.' என்று சொல்வது இந்த அனுமதியைத்தான். மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலாளி ஆளுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்பப் பிடிக்கக் கூடாது. பண்ணை வேலைக்கோ அந்தக் கட்டணமே கிடையாது. அதுமட்டுமல்ல, அந்நாட்டு விவசாயப் பிரிவின் விதிப்படி போக வர விமானச் செலவும் முதலாளியுடையது. தங்குமிடமும் அவர் தர வேண்டும். ஆள் சேர்க்கும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவது விதிமீறல்.

அப்படியானால் எட்டு லட்சம் எதற்கு?

இதைக் கேட்டதும் தம்பி பேசாமல் நின்றார். "அதை விக்கிறாங்களாண்ணே?" என்று பிறகு கேட்டார். ஆம், விற்கிறார்கள். இது கனடா அரசுக்கும் தெரிந்த செய்திதான். அந்நாட்டு விரைவுக் குடியேற்ற முறையில் வேலை உத்தரவு வைத்திருப்போருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்து வந்தது. பலர் அந்த உத்தரவைப் பணம் கொடுத்து வாங்கத் தொடங்கியதால் 2025 மார்ச்சில் அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள்.

அதற்காகத் தொழிலாளிக்குச் செலவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட், மொழித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, விசா விண்ணப்பம் என்று செலவுகள் உண்டு. அவற்றைத் தேர்வு நடத்துகிறவரிடமும் அரசிடமும் கட்டி ரசீது வாங்கலாம். வேலை கிடைப்பதற்கென்றே யாரோ ஒருவரிடம் கொடுக்கும் பணம் வேறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பேக்கேஜ்' என்று சொல்லும்போதுதான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு வரம்பு உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000-மும் அதற்கான வரியுமே. பதிவு எண் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையத்தில் பார்க்கலாம். 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் இருக்கிறது. தம்பியின் ஏஜென்ட் பெயர் அந்த இணையப் பட்டியலில் இல்லை.

பயணச் செலவு யாருடையது என்ற இந்தக் கேள்வி நம் பகுதிக்குப் புதியது அல்ல. நம் பூட்டன்மார் காலத்திலேயே மதுரை ஜில்லாவிலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் போனது. இலங்கைத் தோட்டத் துரைமாருக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' என்ற ஒரு சீட்டு வேண்டும். அதில் அவருடைய கடன் தொகை எழுதியிருக்கும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். சுருக்கமாகச் சொன்னால், அந்தச் சீட்டோடு மனிதரும் கைமாறினார்.

மலேயாவில் 1907-இல் வேறு வழி செய்தார்கள். தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. அங்கும் கங்காணி இருந்தார். துன்பமும் ஏராளம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கப்பலை விட்டு இறங்கும்போது வழிச்செலவுக் கடன் தலையில் இல்லை. இலங்கையிலும் 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டு, 1923-இல் இதே போன்ற நிதி ஏற்பட்டது. 1922-இல் வந்த இந்தியக் குடியேற்றச் சட்டமும் அதற்கு ஒரு காரணம். இன்று எட்டு லட்சம் கடனோடு விமானம் ஏறும் தம்பி நூறு ஆண்டுக்கு முந்தைய துண்டுக் காலத்துக்குத் திரும்பிப் போகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சம்பளம் குறைவாகத் தந்தாலும், வேலை வேறாக இருந்தாலும் அவரால் திரும்பி வர முடியாது. வட்டி ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையில் நாம் எப்போதும் கடைசியாக வந்தவரின் கூலியைப் பற்றியே பேசுகிறோம். நிலக்கிழார் ஒரே நாளில் ஐந்து முறை ஆள் தேடித் தாமே வெளியே போனார் என்பது நம் கண்ணில் படுவதில்லை. தேடும் அலைச்சல் அவருடையதாக இருந்தது.

தம்பியிடம் நான் கண்ட உண்மையான குறை வேறொன்று. பன்னீர் திராட்சைக் கொடியில் பொதுவாக நான்கு மொட்டு விட்டு வெட்ட வேண்டும், மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு போதும் என்று அவர் கைக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் எந்தக் கிளை காய்க்கும் என்று சொல்வார். 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பன்னீர் ரகத்துக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை அவரைப் போன்றவர்களின் கத்தரிக்கோலில் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் வேலை செய்ததற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. கூலி கையில் வாங்கினார். கையெழுத்து எங்கும் இல்லை. நேர்மையான திட்டங்கள் பலவும் கேட்பது அனுபவச் சான்று. ஜப்பானும் 2019 முதல் விவசாயத்துக்குத் திறன் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. அங்கே மொழித் தேர்வும் எழுத வேண்டும். குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியாது.

ஆகவே தோட்டம் வைத்திருக்கும் நம் பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்கிறவருக்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, நாளுக்கு என்ன கூலி என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆள் போய்விடுவாரே என்ற பயம் எனக்கும் புரிகிறது. கவாத்துக்கு ஆள் கிடைக்காத சமயத்தில் இது சுலபமான காரியம் இல்லை. ஆனால் சான்று தராமல் நிறுத்தி வைத்தவர் போகாமல் இருக்கவில்லை. எட்டு லட்சம் கேட்பவரிடம் போகிறார்.

நம் பகுதியில் வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத் தம்பிகளுக்கும் இதே கணக்குத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வெளிமாநிலத்தவரை வைத்திருக்கும் முதலாளி ஆண்டுக்கொரு முறை அவர்கள் ஊர் போய்வரும் கட்டணத்தைத் தர வேண்டும் என்கிறது. பத்துப் பேர் இல்லாத தோட்டத்துக்குச் சட்டம் எட்டாமல் போகலாம். ரயில் டிக்கெட்டின் விலை குறையப் போவதில்லை.

தம்பி நகையை வைக்கவில்லை. ஏஜென்டிடம் போன் செய்து, அந்தக் கனடா தோட்டத்துக்காரர் விமான டிக்கெட் ஏன் தரவில்லை என்று கேட்டாராம். மறுமுனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சென்ற வாரம் கோவிலுக்கு வந்தபோது சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு இருந்தது. தேதி, தோட்டம், வெட்டிய வரிசை, கூலி; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தோட்டக்காரர் கையெழுத்து. "ஒருத்தர் மட்டும் போட மாட்டேன்னுட்டாருண்ணே" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் நம் பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம்.